குடை எடுக்கப் போகிறேன் என்று எழுதியவன்

இஸ்திரியக்காவுக்குத் தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். தெருமுனையில் அவர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்ததும் அவள் கை தானாக நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி நின்றால் துணி கருகும். தலையணை உறைகளும் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டும் அப்படிப் போன பிறகு, தபால் வரும் நேரத்தில் லாண்டரி முதலாளியம்மா அவள் பக்கம் கனத்த திரைச்சீலைகளாகத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

"மெல்லிசெல்லாம் தபால் போனப்புறம் பாத்துக்கலாம் அக்கா. அதுவரைக்கும் இதைத் தேய்ங்க. இது கருகினாலும் கண்டுபிடிக்க ஒரு ஆள் பிறந்து வரணும்."

அவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அதை அவளே சொல்லிக்கொள்வாள். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கதவைப் பூட்டினோமா என்ற பயத்தில் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "எங்கம்மா நிழலைப் பாத்துப் பயப்படுவா, அவ கத்துறதைப் பாத்து நிழல் பயப்படும்" என்று பெரியவன் கேலி செய்வான். பெரியவன் அவள் மகன். வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனைப் போர் வந்ததும் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவனுக்குக் கீழே சின்னவள். செருப்புக் கடையில் அளவு பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. கணவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். நெஞ்சுச் சளியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். தெருவும் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது.

பெரியவனுடைய கடிதங்கள் பிரிக்கப்பட்டு, படித்து, மறுபடி ஒட்டப்பட்டுத்தான் வரும். ஊர் பெயரோ, ஆற்றின் பெயரோ வந்த இடமெல்லாம் கறுப்பு மை பூசியிருக்கும். மிச்சமிருக்கிற இடத்தில் அவன் அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்ப்பான். 'எங்க சமையல்காரர் சூப்புன்னு ஒண்ணு ஊத்துறார். அதுல காலுறையைத் துவைக்கலாம், அவ்வளவு சுத்தம்.' 'இங்க தச்சன் ஒருத்தன் எனக்கு சிநேகிதம். உளி பிடிச்ச கை, துப்பாக்கியையும் இழைச்சு இழைச்சு பாக்குறான்.' 'அம்மா, உன் லெட்டர்ல பாதி கறுப்பா வருது. அப்படி என்னதான் எழுதுற? எனக்கே தெரியாத ராணுவ ரகசியமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?'

அவள் எழுதியது ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, ரொட்டிக்கு வரிசை நீளமாக இருக்கிறது, இவ்வளவுதான். ஊரில் கஷ்டம் என்று வீரனுக்குத் தெரியக்கூடாதாம். அதற்கும் மை.

குளிர் குறைந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில் அந்தக் கடிதம் வந்தது. சின்னவள்தான் சத்தமாகப் படித்தாள்.

"'இங்க விடாம மழை பெய்யுது. கூடாரத்துக்குள்ளயும் பெய்யுது. நானும் தச்சனும் அப்பா மாதிரி குடை எடுக்கப் போகலாம்னு இருக்கோம். நீ என்னம்மா சொல்ற? சீக்கிரம் எழுது.'" படித்துவிட்டுச் சின்னவள் சிரித்தாள். "பாரேன், அந்தக் குடைக் கதையை இன்னும் மறக்கலை இவன்!"

அம்மா சிரிக்கவில்லை. சின்னவளுடைய சிரிப்பும் பாதியில் நின்றது. ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குடைக் கதை அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமான கதை. ஒருமுறை கணவருடைய கம்பெனியில் மேனேஜருக்குப் பாராட்டு விழா. பேச்சுக்கு மேல் பேச்சு. ஒரு கட்டத்தில் அவர் பொறுக்க முடியாமல் எழுந்து, மேடையில் இருந்த மேனேஜரிடமே போய், "சார், குடையை வெளியில வெச்சுட்டேன், ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். அவரிடம் குடையே கிடையாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எங்கிருந்தாவது சொல்லாமல் கொள்ளாமல் நழுவினால் அதற்குப் பெயர் குடை எடுக்கப் போவது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து குடை எடுக்கப் போனார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சாப்பாடு முடிந்ததும் அம்மாவே குடை எடுக்கப் போயிருக்கிறாள்.

"படையை விட்டு ஓடி வரப் போறான்" என்றாள் சின்னவள், குரலே எழும்பாமல்.

"வாயை மூடு" என்றாள் அம்மா. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலை இழுத்துப் பார்த்தாள்.

படையை விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று சுவருக்குச் சுவர் ஒட்டி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்படி சைக்கிள் கடைக்காரருடைய மகன் விஷயம் நடந்திருந்தது. அடுத்த தெருதான். அந்தப் பையன் ஓடி வந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்திருந்தான். கழுத்தளவு தண்ணீரிலிருந்து இழுத்து, சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றினார்கள். மறைத்து வைத்த குற்றத்துக்குத் தகப்பனையும் ஏற்றினார்கள். ரெண்டு பேரும் திரும்பவில்லை. கடை ஷட்டருக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். பழுது பார்க்கக் கொடுத்த சைக்கிள்களைக் கேட்கக்கூட யாரும் போகவில்லை.

அக்காவின் தம்பி பேக்கரி வேன் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் மார்பைத் தட்டினான்.

"வரட்டும்! மாவு மூட்டைக்கு நடுவுல படுக்க வெச்சு எங்க வேணும்னாலும் கொண்டு போய் விட்டுர்றேன். என் அக்கா பையன் அவன். என்னைத் தாண்டித்தான் எவனும் அவனைத் தொடணும்."

"மெதுவா பேசேன்டா" என்றாள் அவள்.

"எனக்கென்ன பயம்?"

"உனக்கில்லை. எனக்கு."

அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வராதே என்று எழுதி, அவன் அங்கேயே இருந்து, ஒரு குண்டு வந்து விழுந்தால்? அம்மா சொன்னதால்தான் இருந்தான் என்று ஆகிவிடும். வா என்று எழுதி, வரும் வழியில் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினால்? அதுவும் அம்மா சொன்னதுதான். எழுதாமலே விட்டுவிடலாம் என்றால், 'நீ என்னம்மா சொல்ற' என்று கேட்டிருக்கிறான். சின்ன வயதில் உயரமான மதில் மேல் ஏறி நின்றுகொண்டு இதே குரலில்தான் கேட்பான்: "குதிக்கட்டுமாம்மா?" அப்போதும் அவளுக்கு வாய் வராது.

லாண்டரிக்கு விடுமுறை நாளன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். எழுதினதைக் கிழித்தாள். கிழித்ததைக் குப்பையில் போடப் பயந்து, இஸ்திரிப் பெட்டியில் கரி பற்றவைத்து அதற்குள் போட்டு எரித்தாள். எரிந்த சாம்பலையும் ஊதிக் கலைத்தாள். கடைசியில் தேறியது இதுதான்:

'அன்புள்ள மகனுக்கு, இங்கேயும் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிறது. சைக்கிள் கடைக்காரர் பையன் குடை எடுக்கப் போய் நனைந்துவிட்டான். அவன் அப்பாவும் நனைந்துவிட்டார். ரெண்டு பேருக்கும் காய்ச்சல் கண்டு, தெளியவே இல்லை. நீ இப்போது போகாதே. மழை விட்டதும் நேர் வழியாக வா. அம்மா.'

எழுதி முடித்துத் தானே பாராட்டிக்கொண்டாள். படிப்பறிவு குறைவு என்றாலும் மூளை குறைவில்லை என்று சின்னவளிடம் பெருமையாகச் சொன்னாள். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான், ஊரில் மாதக் கணக்காக ஒரு சொட்டு மழை இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்த்ததும் கையை உருவிக்கொண்டு, செருப்பு தேயத் தேய வீட்டுக்கு ஓடினாள்.

ராணுவ போலீஸ் பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தது. அவர்களுடைய சட்டைகள் அக்காவின் லாண்டரிக்குத்தான் வரும். அவற்றுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவது அவள் வேலை. அவர்களில் ஒரு அதிகாரிக்குத் தெருவில் பூனைக்கால் என்று பெயர். அத்தனை பெரிய பூட்ஸ் போட்டும் நடக்கிற சத்தம் கேட்காது, திரும்பினால் நிற்பார். குரலும் அப்படித்தான், அதட்டவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாரும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள்.

சில நாள் கழித்து அவள் காலர் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேஜை மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். பூனைக்கால். சட்டைக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, அவள் தேய்த்துக்கொண்டிருந்த காலருக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடைய கையெழுத்து.

"நம்ம ஊர்ல மழையா அக்கா?"

பக்கத்து மேஜையில் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிரவே இல்லை. முதலாளியம்மா கல்லாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுத்து அவள் பேசினாள்.

"தண்ணி வரலைன்னு எழுதினேன் சார், மை பூசிட்டீங்க. ரொட்டி கிடைக்கலைன்னு எழுதினேன், அதுக்கும் பூசிட்டீங்க. பையன் கறுப்புக் காகிதமா வருதேன்னு கேக்குறான். சரி, நல்லதா ஏதாவது எழுதுவோம்னு மழை பெய்யுதுன்னு எழுதிட்டேன்."

தன் வாயிலிருந்து அது வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. கல்லாவுக்குள்ளிருந்து முதலாளியம்மாவின் தலை மெதுவாக வெளியே வந்தது.

பூனைக்கால் காகிதத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார், "இந்த சைக்கிள் கடைப் பையன் யாரு?"

"தெருப் பையன் சார்."

"காய்ச்சலா?"

"ஆமா சார்."

அவர் காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்தார். "இனிமே மழைன்னும் எழுத வேணாம், வெயில்னும் எழுத வேணாம். நல்லா இருக்கோம்னு மட்டும் எழுதுங்க." இரண்டடி போய்த் திரும்பினார். "காலர் கருகுது, பாருங்க."

கருகியிருந்தது. அது அவருடைய சட்டைதான்.

அந்தக் கடிதம் போனதா, கிழித்துப் போட்டார்களா, அதைச் சொல்லாமலே போய்விட்டார். அன்று மாலையிலிருந்து அவள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த பாத்திரக் கடைப் படியில் ஒரு ஆள் உட்கார ஆரம்பித்தான். செய்தித்தாள் படிப்பான். பக்கத்தைத் திருப்பவே மாட்டான். மார்பைத் தட்டிய தம்பி அந்த ஆளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு வேனை அந்தத் தெருப் பக்கமே கொண்டு வரவில்லை. "மாமாவும் குடை எடுக்கப் போய்ட்டார் போல" என்றாள் சின்னவள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். இனிமேல் அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

பெரியவனிடமிருந்து கடிதம் வருவதும் நின்றுபோனது. கோடை முழுக்க ஒன்றும் வரவில்லை. தபால்காரர் இவளைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். ரேடியோவில், நம் படை ஒழுங்காகப் பின்வாங்கியது என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்ததும் நாலைந்து பேர் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கடைசியாகப் பூனைக்கால் வந்தார்.

"பையன் எங்க அக்கா?"

"எந்தப் பையன்?" என்று கேட்டுவிட்டாள். பிறகுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் அவளுக்குள் இறங்கியது. அங்கே இல்லை. அதனால்தான் இங்கே தேடுகிறார்கள்.

மெத்தையைக் கிழித்தார்கள். பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கிக் கவிழ்த்தார்கள். கணவருடைய கோட்டு, பெரியவனுடைய கம்பிச் சுருள்கள், சின்னவளுடைய பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. ஒருவன் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பூனைக்கால் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட ஒரு தச்சன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல காணோம்" என்றார். "வந்தா நீங்களே வந்து சொல்லிடுங்க. அதுதான் அவனுக்கு நல்லது. உங்க பொண்ணுக்கும் நல்லது."

சின்னவளைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னார். அம்மா மகளுடைய கையை இறுக்கிப் பிடித்ததில் சின்னவளுக்கு நகம் பதிந்து ரத்தம் கட்டியது.

அவர்கள் போன பிறகு அவள் தரையில் கிடந்ததையெல்லாம் மடித்தாள். மடித்து மடித்து, தேய்க்க வேண்டிய துணி மாதிரி ஓரம் நீவி அடுக்கினாள். அப்போதிருந்து ஆரம்பித்த பயத்துக்குப் பக்கத்தில் அதுவரை பட்டதெல்லாம் விளையாட்டு. எங்காவது விழுந்து கிடக்கிறானா, எங்காவது ஒளிந்திருக்கிறானா, எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. ஓடிப் போயிருந்தால் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருந்தால் இங்கே வருவான். வந்தால் எதிர்ப்படியில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். மாடியில் பூனை நடந்தாலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்துவிடாதே, வந்துவிடாதே என்று வேலை செய்துகொண்டே முணுமுணுப்பாள். பெற்ற பிள்ளையை வராதே என்று வேண்டுகிறோமே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

தம்பி ஒரு நாள் லாண்டரியின் பின்வாசல் பக்கம் வந்து நின்றான். இளைத்திருந்தான். "என்கிட்டயும் வரலைக்கா" என்றான். கொஞ்சம் நின்று, "அன்னிக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசினதெல்லாம்…" என்று இழுத்தான்.

"விடுடா" என்றாள். "நம்ம குடும்பத்துல தைரியசாலியா இருந்தவர் ஒருத்தர்தான். அவரும் சளி பிடிச்சே போய்ட்டார்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு அழுதார்கள்.

இலை உதிரும் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையில் வேறு யாருடையதோ கையெழுத்து. அதைப் பிரிக்க முடியாமல் முதலாளியம்மாவிடம் நீட்டினாள். முதலாளியம்மாவும் பிரிக்கப் பயந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பிரித்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து அக்கா. நர்ஸ் எழுதியிருக்கா. உயிரோட இருக்கான். இடது கால் பாதத்தை எடுத்துட்டாங்களாம். பின்வாங்கும்போது அடிபட்டு வேற படைப்பிரிவோட வண்டில ஏத்திட்டாங்களாம். காய்ச்சல்ல பேர் சொல்லவே இத்தனை நாளாச்சாம். அக்கா… அக்கா, கேக்குதா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை அதன் தட்டின் மேல் சரியாக வைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்த அடுத்த காரியத்தைத் தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடந்தாள். சின்னவள் கூட வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றாள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவனிடம் என்ன சொன்னாளோ, உள்ளே விட்டான். பூனைக்கால் ஒரு வகுப்பறையில் இருந்தார். கரும்பலகையில் யாரோ போட்ட பெருக்கல் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. பிள்ளைகளுடைய குட்டிப் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அவள் கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். அன்றைக்கு அவர் வைத்த மாதிரியே மடிப்பை நீவி வைத்தாள்.

"என் பையன் எங்கேன்னு கேட்டீங்களே சார். இங்க இருக்கான்."

அவர் நிதானமாகப் படித்தார். முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கட்டு காகிதத்தைப் பிரித்து, எதையோ அடித்து, எதையோ எழுதினார்.

"குடையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சைக்கிள் கடைப் பையனைத் தொட்டியிலேர்ந்து தூக்கினது நான்தான் அக்கா. நனைஞ்சான்னு படிச்சதும் புரிஞ்சுபோச்சு." அவர் தலையைத் தூக்கவில்லை. "நீங்க வரச் சொல்லி எழுதியிருந்தா அன்னிக்கே உங்களை வண்டில ஏத்தியிருப்பேன். வராதேன்னு எழுதியிருந்தீங்க. போங்க. எதிர்க்கடை ஆளை எடுத்துடறேன்."

வெளியே வந்து தெருக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். கடந்துபோன ஆபத்துக்கு அவ்வளவு பயப்பட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பெரியவன் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தான். ரெண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு, தாடியும் மீசையுமாக. அவனுடைய மாமாதான் வேனில் கூட்டி வந்தான். வழியெல்லாம் ரொட்டி வாசனையில் பையன் தூங்கியே வந்தானாம். அவனை வீட்டில் வைத்திருப்பதிலும் அவளுக்குப் பயம்தான். தட்டு கீழே விழுந்தால் அவன் மேஜைக்கு அடியில் போய்விடுவான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் தட்டைப் பொறுக்குவாள். முதலாளியம்மா அவனை லாண்டரியில் உட்கார வைத்தாள். வருகிற துணிகளுக்கு அடையாள மை போடும் வேலை. எட்டு எழுதினால் மூன்று மாதிரி இருக்கும். ஊர் முழுக்க அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தது.

ஒரு தடவைதான் அவள் கேட்டாள். "நான் எழுதினது வந்துச்சாடா?"

"வந்துச்சு. மேல 'அன்புள்ள மகனுக்கு', கீழ 'அம்மா'. நடுவுல ஒரு வரி விடாம கறுப்பு." அவன் துணியைப் பார்த்தபடியே சொன்னான். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். தச்சன் தண்ணி தொட்டுச் சுரண்டிப் பாத்தான். காகிதம்தான் கிழிஞ்சுது. அப்பதான்மா எனக்குப் பயம் வந்துச்சு. எங்கம்மா எழுதினதுல ஒரு வார்த்தைகூட விடலைன்னா, வீட்டுப் பக்கம் ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. நான் வரலைன்னுட்டேன். பின்வாங்குற சமயத்துல தச்சன் மட்டும் போனான்."

"அவன் என்ன ஆனான்?"

பெரியவன் அடுத்த சட்டையை இழுத்து மை போட்டான்.

போர் முடிந்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தச்சனுடைய அம்மாவிடமிருந்து பெரியவனுக்கு ஒரு கடிதம் வந்தது. மை பூசாத, ஒட்டாத கடிதம். 'என் மகன் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறான். உங்க சமையல்காரர் சூப்பைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறான். அவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். உனக்குத் தெரிந்தால் எழுதப்பா.'

பெரியவன் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேனா ஓடவில்லை. "பாலத்துக்கிட்ட பிடிச்சுட்டாங்கம்மா. ஆஸ்பத்திரில எங்க ஆள் ஒருத்தன் சொன்னான். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, பாக்கச் சொல்லி…" அவன் பேனாவைக் கீழே வைத்தான். "போர்ல போய்ட்டான்னு எழுதிடட்டுமா? இல்லை, தெரியாதுன்னு எழுதட்டுமா? நீ என்னம்மா சொல்ற?"

அவள் காகிதத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

"எழுத வேணாம். நான் போய்ட்டு வரேன்."

அவள் தனியாக அதுவரை பஸ் ஏறியதில்லை. முதலாளியம்மாவிடம் லீவு சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுவா இதுவா என்று கேட்டுக்கொண்டு, ரெண்டு பஸ் மாறிப் போனாள். விலாசத்தைச் சொன்னதும் ஒரு கடைக்காரர் கை காட்டினார். வாசலில் கால் முளைக்காத ஒரு ஸ்டூல் கிடந்தது. இழைத்த பலகைகள் சுவரோரம் தூசி படிந்து சாய்ந்திருந்தன. கதவைத் தட்டத் தூக்கிய கையை ரெண்டு தடவை இறக்கினாள். மூன்றாவது தடவை தட்டினாள்.

திறந்த பெண்ணுக்கும் அவள் வயதுதான் இருக்கும். இவள் யார் என்று சொல்வதற்குள்ளாகவே அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். "உள்ள வாங்க" என்றாள்.

என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பொழுது சாய வீடு திரும்பியபோது பெரியவன் வாசற்படியில் காத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அழுதாங்களா?"

"இல்லை. உன் கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். போரிலிருந்து வந்த பிறகு அவன் அழுது அன்றுதான் பார்த்தாள். கையை அவன் தலைமேல் வைத்தாள். சின்னவள் உள்ளேயிருந்து டீ கொண்டு வந்து படியில் வைத்துவிட்டு, தானும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.